கல்லூரி மாணவர்களும் பேண்டு செட்டும் ஒரே மேடையில்: குமரி எல்லையில் ஒரு காற்றிசைக் கச்சேரி நடத்த

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை போகும் சாலையில் எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் ஒரு பேண்டு செட்டைப் பற்றி யாராவது சொல்வார்கள். கல்யாண ஊர்வலம், தேவாலயத் திருவிழா, சவ அடக்கம் என்று கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் ஓயாமல் ஒலிக்கிற மாவட்டம் இது. இதே மாவட்டத்துக் கல்லூரிகளில், பள்ளி பேண்டிலோ தேவாலயத்திலோ நோட்ஸ் (மேற்கத்திய இசைக் குறியீடு) படிக்கக் கற்றுக்கொண்டு வந்த மாணவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதுதான் அபூர்வம். அப்படி ஒரு கச்சேரியை முதல் தடவையாக நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இசை ஆசிரியராக இருக்கத் தேவையில்லை. ஓடியாடி வேலை பார்க்கிற மாணவர் ஒருவரும், ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாள்) படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் தாளைப் பார்த்து வாசிக்கிறவர். செட்டுக்காரர் காதால் கேட்டு வாசிக்கிறவர். பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் இரண்டாமவரை முதலாமவராக மாற்றப் பார்க்கிறார்கள். இரண்டு ஒத்திகையோடு அவர் வராமல் போய்விடுவார். பாட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் நாற்காலி போடுவது வரை, இரண்டு பேருக்கும் ஏதோ ஒரு இடத்தில் சிரமமும் ஏதோ ஒரு இடத்தில் சௌகரியமும் இருக்கும்படி திட்டமிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

மாதத்தைப் பிடியுங்கள்

அரங்கு, பணம் எல்லாம் அப்புறம். முதலில் மாதம். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 அன்று முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, அதன் பின்னால் கிறிஸ்துமஸ், மாசியில் மண்டைக்காடு கொடை என்று பருவம் நீண்டுகொண்டே போகும். ஏப்ரலில் மாணவர்களுக்குப் பரீட்சை. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணங்கள் குறைவு என்பதால் செட்டுக்காரர்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். ஆனால் அப்போது கல்லூரியில் செமஸ்டர் இறுக்கிப் பிடிக்கும்.

மிஞ்சுவது ஆடி. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், அது கர்க்கடகம். இரண்டு பக்கமும் கல்யாணம் கிடையாது. அம்மன் கோயில் கொடைகள் இருக்கும், ஆனால் அங்கே நையாண்டி மேளம்தான் முன்னால் நிற்கும். கல்லூரி திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், புது மாணவர்கள் எதிலாவது சேர வேண்டும் என்ற ஆசையோடு திரிவார்கள். ஜூன் கடைசியில் ஆளைப் பிடித்து, ஜூலை முழுக்க ஒத்திகை பார்த்து, ஆகஸ்ட் முதல் அல்லது இரண்டாம் வார இறுதியில் கச்சேரியை முடித்துவிடுங்கள். ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிகள் செட்டுகளைக் கூப்பிடும். அதைத் தாண்டினால் ஆவணி, அந்தப் பக்கம் சிங்ஙம், ஓணம், கல்யாணம். பிறகு ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

ஆடியின் குறை மழை. தென்மேற்குப் பருவம் கொட்டும் நேரத்தில் திறந்தவெளி மேடையை நினைக்கவே வேண்டாம்.

ஆள் சேர்ப்பது

பேண்டு மாஸ்டரை போனில் அழைக்காதீர்கள். நேரில் போங்கள், மாணவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "மாஸ்டர், நாங்க காலேஜ்ல ஒரு கச்சேரி வைக்கிறோம், உங்க ஆட்கள் எங்ககூட உட்கார்ந்து வாசிக்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். "எவ்வளவு நேரம் நடக்கணும் மக்ளே?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். நடக்க வேண்டாம், உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதையே அவருக்குப் புரியவைக்க வேண்டியிருக்கும். அவர்கள் வேலை முழுக்க நின்றும் நடந்தும்தான்.

அப்புறம் பணப் பேச்சு. மாணவர்கள் ஆர்வத்துக்கு வாசிக்கிறார்கள், அவர்களும் அப்படியே வரட்டுமே என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர்களுக்கு இது பிழைப்பு. கச்சேரி நாளுக்கு ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வாங்கும் தொகை, ஒத்திகை ஒவ்வொன்றுக்கும் வண்டிக் கூலியும் சாப்பாடும் என்று பேசி, ஒரு பகுதியை அட்வான்ஸாகக் கொடுத்துவிடுங்கள். தொகை முடியாது என்றால் ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். நடுவில் பெரிய புக்கிங் வந்தால் அவர் போய்விடுவார் என்பதையும் ஏற்றுக்கொண்டே பேசுங்கள்: மாற்று ஆள் அனுப்பலாம், ஆனால் கடைசி இரண்டு ஒத்திகைக்கு அவரேதான் வர வேண்டும்.

நோட்டீஸில் "மற்றும் குழுவினர்" என்று போடுவதை விட்டுவிடுங்கள். மாணவர் பெயரை எப்படி அச்சடிக்கிறீர்களோ அப்படியே, வாத்தியத்தோடு சேர்த்து, ஒவ்வொரு செட்டுக்காரர் பெயரையும் அச்சடியுங்கள்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்: ராணுவ பேண்டிலும் போலீஸ் பேண்டிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். நோட்ஸும் தெரியும், காதும் பழகியிருக்கும், நேரத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் இப்படி ஒருவர் தலைவராகக் கிடைத்தால் பாதிக் கச்சேரி முடிந்த மாதிரி. இரட்சணிய சேனை பேண்டுகளில் பழகியவர்கள் வந்தால் ஒரு விஷயம் ஞாபகம் வேண்டும். பிரிட்டிஷ் பித்தளை பேண்டு மரபில் பேஸ் ட்ராம்போன் தவிர யூஃபோனியம், ட்யூபா எல்லாமே ட்ரெபிள் க்ளெஃபில்தான் (உயர் ஸ்வரங்களுக்கான குறியில்) எழுதப்படும். காற்றிசைக் குழு ஸ்கோரில் அவை பேஸ் க்ளெஃபில் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான குறியில்) இருக்கும். இரண்டு விதமாகவும் பார்ட் (ஒரு வாத்தியத்துக்கான தனித் தாள்) அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கத்தையும் விடாதீர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பேண்டுக்காரர்களின் கிராக்கி மட்டும் இன்றும் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை நீள்கிறது. திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது. கர்நாடக இசை படிக்கும் மாணவர் இரண்டு பேர் வந்தாலே காது விஷயத்தில் நல்ல துணை. ஒத்திகையில் தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

எத்தனை பேர்? முதல் தடவைக்கு முப்பதைச் சுற்றி போதும். ஃப்ளூட் 3, கிளாரினெட் 8, ஆல்ட்டோ சாக்ஸ் 3, டெனார் சாக்ஸ் 2, ட்ரம்பெட் 5, ட்ராம்போன் 3, யூஃபோனியம் 2, ட்யூபா 2, தாளம் 4. ஓபோ, பசூன், ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாசிப்பவர்கள் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஓபோ பார்ட்டை ஃப்ளூட்டுக்கும், பசூன் பார்ட்டை யூஃபோனியத்துக்கும் கொடுக்கலாம். ஹார்ன் பார்ட்டை ஆல்ட்டோ சாக்ஸுக்கு மாற்றும்போது எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்த்தி எழுத வேண்டும்.

கட்டைக் கணக்கு

கட்டை என்பது நம்மவர்கள் சுருதியைச் சொல்லும் அளவு. தாளில் ஒரே எழுத்து இருந்தாலும் வாத்தியத்துக்கு வாத்தியம் வேறு ஸ்வரம் கேட்கும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிளாரினெட்காரர் தன் தாளில் 'சி' என்று இருப்பதை வாசித்தால் காதில் விழுவது பி ஃப்ளாட். ட்ரம்பெட்டும் அப்படியே. ஆல்ட்டோ சாக்ஸில் அதே பி ஃப்ளாட் கேட்க வேண்டுமென்றால் தாளில் 'ஜி' இருக்க வேண்டும். ஃப்ளூட்டுக்கும் ட்ராம்போனுக்கும் பி ஃப்ளாட் என்றே இருக்கும். மாணவருக்கு இது பாடப் புத்தகத்தில் வரும் விஷயம். செட்டுக்காரரிடம் "கான்சர்ட் பி ஃப்ளாட்" (காதில் கேட்கும் பி ஃப்ளாட்) என்றால் முழிப்பார். "ஆறரைக் கட்டை ஸட்ஜம்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்.

ஒரு கட்டை என்பது சி. இரண்டு டி, இரண்டரை ஈ ஃப்ளாட், நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஆறரை பி ஃப்ளாட். இதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டுங்கள். மேற்கத்திய மேஜர் ஸ்கேல் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. இதையும் சேர்த்து எழுதிவிட்டால் மாணவருக்கும் ராகப் பெயர் பழகும், செட்டுக்காரருக்கும் ஸ்கேல் பெயர் பழகும்.

ஆறரைக் கட்டைக்கு இன்னொரு வசதி உண்டு. கிளாரினெட்டில் அது பெருவிரலோடு இடது கை மூன்று விரல். ஆல்ட்டோ சாக்ஸிலும் இடது கை மூன்று விரல். ட்ரம்பெட்டில் ஒரு வால்வும் அழுத்த வேண்டாம். ட்ராம்போனில் ஸ்லைடு உள்ளே, முதல் இடத்தில். எல்லாருக்கும் லேசான ஸ்வரம் என்பதால்தான் உலகம் முழுக்கப் பேண்டுகள் அதில் தொடங்குகின்றன. ஆறரை, இரண்டரை, நான்கு ஆகிய மூன்று கட்டைகளுக்குள் முழு நிகழ்ச்சியையும் அடக்கிவிடுங்கள். பாடகர்களுக்கு இதம் என்று யாராவது இரண்டு கட்டையில் ஒரு பாட்டைக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். கிளாரினெட் தாளில் நான்கு ஷார்ப் (அரை ஸ்வரம் உயர்த்தும் குறி), ஆல்ட்டோ சாக்ஸ் தாளில் ஐந்து ஷார்ப் வந்து உட்காரும். காதால் வாசிப்பவருக்கும் விரல் சிக்கும்.

பாட்டுகள்

மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் போதும். பித்தளைக்காரர்களின் உதடு அதற்கு மேல் தாங்காது.

முதல் உருப்படி ஒரு மார்ச், அதாவது அணிநடை இசை. செட்டுக்காரர்களுக்குக் காலம் காலமாகக் கைவந்தது, தொடக்கத்திலேயே அவர்கள் கை ஓங்கி நிற்கும். அடுத்து, எல்லாருக்கும் மெட்டுத் தெரிந்த ஒரு ஞானப்பாட்டையோ கீர்த்தனையையோ நான்கு குரல்களாகப் பிரித்து மெதுவாக வாசிக்கலாம். பேண்டு செட்டில் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். தான் வாசிப்பது மெட்டு இல்லை, அதன் கீழே ஓடுகிற இன்னொரு வரி என்ற அனுபவம் அவர்களுக்குப் புதிது. தெரிந்த பாட்டில் அதைப் பழக்கினால் பயம் இருக்காது.

முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களிலிருந்து இரண்டு மூன்றைக் கோத்து ஒரு உருப்படியாக்கலாம். மேற்கத்திய பேண்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத வரிகள் போட்ட, சங்கராபரணத்தில் அமைந்த சிறு பாடல்கள் அவை. கிட்டத்தட்ட நாற்பது இருக்கின்றன. பேண்டிலிருந்து கர்நாடக இசைக்குப் போன மெட்டுகளை மறுபடி பேண்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். தீட்சிதர் மறைந்தது 1835-இல், காப்புரிமைத் தொல்லையும் இல்லை.

ஒரு உருப்படியாவது தாளே இல்லாமல் இருக்க வேண்டும். என் விருப்பம் மோகனம். ட்யூபாவும் ட்ராம்போனும் ஆறரைக் கட்டை ஸட்ஜ பஞ்சமத்தைப் பிடித்து நிற்க, செட்டின் மூத்த கிளாரினெட்காரர் ஆலாபனை செய்யட்டும். அவர் விரலுக்கு அது சி, டி, ஈ, ஜி, ஏ, ஒரு ஷார்ப்பும் இல்லை. பிறகு அவர் ஒரு சின்னப் பிடி வாசிக்க, மாணவர்கள் கேட்டுத் திருப்பி வாசிக்கட்டும். கிளாரினெட்டில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) எவ்வளவு தூரம் போகும் என்று ஏ.கே.சி. நடராஜன் காட்டியிருக்கிறார். மாணவர்கள் அவர் பதிவுகளைக் கேட்டுவிட்டு வந்தால் நல்லது. தாள் இல்லாமல் தவிப்பது இந்தத் தடவை மாணவர்களின் முறை.

1909-இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் ராணுவ பேண்டுக்காக எழுதிய ஈ ஃப்ளாட் தொகுப்பை யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். அருமையான படைப்புதான். இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் இந்தியாவில் காப்புரிமை என்பது படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை. கல்லூரி ஆசிரியரும் மாணவரும் தங்களுக்குள்ளும் பெற்றோர் முன்பும் நடத்துகிற நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. கூலி கொடுத்து வெளியாட்களைச் சேர்த்து ஊரையும் அழைத்த பிறகு அந்த விலக்கை நம்பாதீர்கள். பாட்டு உரிமைகளைக் கவனிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் பற்றிக் கேட்டு வாங்கிவிடுங்கள். புதிதாக அரேஞ்ச் செய்வதற்கும் தனி அனுமதி வேண்டும்.

ஒத்திகை

ஞாயிறு மதியம் இரண்டரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்பது நம் பக்கத்துக்குப் பொருந்தும். காலையில் ஆராதனையும் பூசையும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து வருகிறவர்களில் ரப்பர் வெட்டுகிறவர்கள் இருப்பார்கள். விடியற்காலை வேலை முடித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வர நேரம் வேண்டும். மாலையில் அவர்களுக்குப் பஸ், மாணவிகளுக்கு விடுதிக் கதவு. வெளியாட்கள் கல்லூரிக்குள் வர முதல்வரிடம் கடிதம் வாங்கி வாசலில் கொடுத்துவையுங்கள். ஐம்பது வயதுக் கலைஞரை வாசற்காவலர் நிறுத்தி வைத்து விசாரித்தால் அன்றைய ஒத்திகை போனது போனதுதான்.

முதல் ஒத்திகைக்கு முன்பே ஒவ்வொரு பார்ட்டையும் ஒலியாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் ஸ்கோரை ஏற்றினால் அந்த ஒரு பார்ட்டை மட்டும் சத்தமாகவும் மற்றதை மெல்லமாகவும் வைத்து எம்பி3 எடுக்கலாம். செட்டுக்காரர் அதை இரண்டு நாள் கேட்டால் மனப்பாடமாக வந்துவிடுவார். பல சமயம் மாணவருக்கு முன்பே தயாராகி நிற்பவர் அவர்தான்.

ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர்: ஒருவர் மாணவர், ஒருவர் செட்டுக்காரர். மாணவர் எங்கே இருக்கிறோம் என்று விரலால் காட்டுவார், மற்றவர் மூச்சையும் தொனியையும் கொடுப்பார். மாணவர்களை ஒரு பக்கமும் செட்டை இன்னொரு பக்கமும் உட்காரவைத்தால் இரண்டு கச்சேரிகள்தான் நடக்கும்.

சுருதி சேர்க்கும்போது ட்யூபா ஆறரைக் கட்டையைப் பிடிக்கட்டும், மற்றவர்கள் கீழிருந்து மேலாகச் சேரட்டும். செட்டுகளில் புழங்கும் பித்தளை வாத்தியங்கள் பல மீரட்டின் ஜாலி கோட்டியில் செய்தவை. உழைப்பாளி வாத்தியங்கள், ஆனால் சுருதி ஒன்றுபோல இருக்காது. இன்றைய பொது அளவு ஏ = 440, அதாவது ஏ ஸ்வரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு. பழைய பிரிட்டிஷ் ராணுவ அளவில், 452 சுற்றி, செய்த வாத்தியம் ஏதாவது வந்தால் அது கிட்டத்தட்ட கால் ஸ்வரம் உயர்ந்தே நிற்கும். ட்யூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுத்தாலும் முழுசாக இறங்காது. அவருக்குக் கல்லூரி வாத்தியம் ஒன்றைக் கொடுங்கள், கொடுக்கும் விதத்தில் அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அடுத்த பிரச்சினை. தெருவில் வெடிச் சத்தத்தோடு போட்டிபோட்டு ஊதியவர்களிடம் "மெதுவாக" என்றால் மூச்சைக் குறைப்பார்கள், சுருதி இறங்கும். "பக்கத்து ஃப்ளூட் உங்கள் காதில் விழுகிற அளவுக்கு வாசியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கமகமும் அப்படித்தான். மூன்றாம் கிளாரினெட் பார்ட்டில் ஸ்வரத்தை அசைத்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) கலங்கிவிடும். மோகனத்தில் மனம் நிறைய அசைக்கலாம் என்று முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

ஈரக் காலத்தில் கிளாரினெட், சாக்ஸ் பேட்கள் ஊறும், ரீடும் வளையும். வாசித்து முடித்ததும் துணி விட்டுத் துடைத்த பிறகே பெட்டியை மூட வேண்டும். வால்வுக்கு வால்வு ஆயில் மட்டும். நம் ஊரில் பூட்டுக்கும் கீலுக்கும் முடிக்கும் தேங்காய் எண்ணெய்தான் என்றாலும், வால்வில் ஊற்றினால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

அரங்கு

முப்பது பேர் காற்றிசைக்கு மைக் தேவையில்லை. அறிவிப்புக்கு ஒன்று இருந்தால் போதும். சிங்காரி மேளத்தை வரவேற்புக்கு வைக்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் வாசலோடு நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்ட காதுக்கு அடுத்த அரைமணி நேரம் ஃப்ளூட் கேட்காது. வெளியே ஒலிபெருக்கி கட்டினால் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் கூடவே கூடாது.

கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், ட்ராம்போனும் சாக்ஸும் இடிக்கும். தாளைப் பிடிக்க ஸ்டாண்டுக்கு இரண்டு துணிக் கிளிப். மின்விசிறிக்குக் கீழே இது இல்லாமல் முடியாது. ஃப்ளூட், கிளாரினெட் முன்னால், சாக்ஸ் அடுத்து, பித்தளை அதன் பின்னால், தாளம் கடைசியில். குளிர்சாதன அரங்கு என்றால் வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே கொண்டுவந்து ஊதிப் பழக்குங்கள். கணக்குப்படி ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் மூன்று சென்ட் (அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்ததில் மூன்று பங்கு) இறங்கும். மூச்சுச் சூட்டால் அவ்வளவு தெரியாது, ஆனால் நீண்ட நேரம் சும்மா இருந்துவிட்டுச் சட்டென்று நுழைகிற ட்யூபாவில் தெரியும்.

விருந்தினர் உரைகளைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். சூடேறிய உதடும் வாத்தியமும் அரைமணி நேரப் பேச்சில் ஆறிப்போகும்.

மீதிப் பணத்தை அன்று இரவே கொடுத்துவிடுங்கள். மொத்தத்தையும் மாஸ்டர் கையில் கொடுத்து அவர் பிரிப்பதுதான் செட்டுகளின் வழக்கம், அதைக் குலைக்க வேண்டாம். ஆளுக்கு எவ்வளவு பேசியது என்ற பட்டியலை மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி முதலிலேயே கொடுத்திருங்கள். தாள்களையும் இரவல் வாத்தியங்களையும் மேடையிலேயே எண்ணி வாங்குங்கள், பஸ் ஏறிய பிறகு திரும்பி வராது. அடுத்த ஆடிக்கான தேதியையும் அப்போதே மாஸ்டரிடம் கேட்டு அவர் டைரியில் எழுதவைத்துவிடுங்கள்.